சத்தம் போடாத பெட்டி, சண்டை போடாத லினக்ஸ்

லினக்ஸ் கெர்னலை எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்குக் கணினி வாங்குவதில் ஒரு பிடிவாதம் உண்டு. பெட்டி சத்தம் போடக் கூடாது. தன் வேலை அறையில் கேட்கிற பெரிய சத்தமே பூனை குறுகுறுப்பதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பேட்டியில் சொன்னவர். 2020 மே மாதம், ஏறக்குறைய 15 ஆண்டுகளில் முதல்முறையாக, இன்டெல்லை விட்டு ஏஎம்டிக்கு மாறினார். வாங்கியது 32 கோர் கொண்ட திரெட்ரிப்பர் 3970எக்ஸ். 280 வாட் என்று அட்டவணையில் எழுதியிருக்கும் ராட்சசப் பிராசசர் அது. அதைக் குளிர்விக்க அவர் தண்ணீர்க் குழாய் எதையும் இழுக்கவில்லை. ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் பெரிய ஹீட்சிங்க், அதன்மேல் நிதானமாகச் சுற்றும் 140 மில்லிமீட்டர் ஃபேன், அவ்வளவுதான். கிராஃபிக்ஸ் கார்டு? 2017இல் சந்தைக்கு வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 580. 2025இலும் அவர் கணினியில் அதே கார்டுதான் இருந்தது.

எந்த டிரைவரில் கோளாறு இருந்தாலும் அதை எழுதியவரையே கூப்பிட்டுக் கேட்கக்கூடிய ஆள் அவர். அப்படிப்பட்டவர்கூடக் கிராஃபிக்ஸ் கார்டு என்று வரும்போது பழசாகி, அடங்கி, கெர்னலுக்குள் டிரைவர் ஊறிப்போன ஒன்றை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டு திருப்தியாக இருந்தார். நமக்கு அந்தத் தொலைபேசி எண்களும் கிடையாது. அப்படியிருக்க, போன மாதம் வெளியான கார்டைத் தேடி ஓடுவானேன்?

அமைதியான கணினி வேண்டும் என்பது ஒரு தேவை, லினக்ஸ் தகராறில்லாமல் ஓட வேண்டும் என்பது இன்னொரு தேவை என்று இரண்டையும் தனித்தனியாக யோசிப்பவர்கள்தான் அதிகம். வாங்க உட்கார்ந்தால் இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடுகின்றன. கடையில் முன்வரிசையில் மினுமினுக்கிற பொருளை விட்டுவிட்டு, ஓராண்டு பழையதாகவும் ஒரு படி குறைவாகச் சூடாவதாகவும் உள்ளதை எடுத்தால் இரண்டு தேவையும் முக்கால்வாசி தீர்ந்துவிடும். மீதிக் கால்வாசிதான் கொஞ்சம் பேச வேண்டிய விஷயம்.

ஃபேன் கணக்கு

நம் ஊர் வாசகர் உடனே கேட்பார்: தலைக்கு மேலே சீலிங் ஃபேன் கடகடவென்று ஓடும்போது, மேசைக்கடியில் கணினி சத்தம் யாருக்குக் கேட்கப் போகிறது? நியாயமான கேள்வி. பகலில் கேட்காது. ஆனால் வீட்டில் பிஎல்டிசி ஃபேன் வந்துவிட்டது, ஏசி வந்துவிட்டது. இரவு பதினொரு மணிக்கு எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறவருக்குக் கேட்கும். ஒலிப்புத்தகமோ பாட்காஸ்ட்டோ பதிவு செய்கிறவர் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் மைக் முன்னால் உட்காருவார். அப்போது அறையில் மிஞ்சுவது கணினியின் இரைச்சல் மட்டும்தான். மைக் அதை ஒன்றுவிடாமல் வாங்கிக்கொள்ளும்.

சத்தத்தை அளக்கும் டெசிபெல் நம் கைவிரல் கணக்குக்குக் கட்டுப்படாது. 20 டெசிபெல் ஃபேன் இரண்டைச் சேர்த்து ஓட்டினால் 40 ஆகாது, 23தான் ஆகும். 10 டெசிபெல் கூடினால்தான் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். ஆகவே ஃபேன்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது வேகத்துக்கு. ஒரு ஃபேனின் சுழற்சியைப் பாதியாகக் குறைத்தால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கும். காற்றோட்டமோ பாதிதான் குறையும். நிமிடத்துக்கு 1400 சுற்று ஓடும் ஒரே ஃபேனைவிட, 700இல் ஓடும் இரண்டு ஃபேன் ஏறக்குறைய அதே காற்றைத் தள்ளும், 12 டெசிபெல் குறைவான சத்தத்தில். அமைதியான கணினி கட்டுபவர்களின் தொழில் ரகசியம் இதுதான்: பெரிய ஃபேன், மெதுவான சுற்று. 80 மில்லிமீட்டர் ஃபேனைத் தவிர்த்து 120, முடிந்தால் 140.

இன்னொன்று, டெசிபெல் மீட்டரில் விழாதது. சீராக ஓடும் இரைச்சலைக் காது சீக்கிரம் மறந்துவிடும். ஏறி இறங்கும் இரைச்சலை மறக்கவே மறக்காது. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்ததும் 'உய்ங்' என்று எழும்பி, மூன்று நொடியில் அடங்கி, அடுத்த பக்கத்துக்கு மறுபடி எழும்பும் ஃபேன், நாள் முழுக்க ஒரே குரலில் முனகும் ஃபேனைவிடப் பத்து மடங்கு எரிச்சல். இதற்கு மருந்து நல்ல ஃபேன் வாங்குவதில் இல்லை. அந்த ஃபேனை யார் ஓட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது. அங்கேதான் லினக்ஸ் உள்ளே வருகிறது. அதற்கு முன் வெப்பத்தைப் பேசிவிடுவோம்.

வாட் எங்கிருந்து வருகிறது

கணினி வாங்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறும். அந்த வெப்பத்தைத் துரத்தத்தான் ஃபேன். ஆகவே அமைதியை ஃபேன் கடையில் தேடுவதற்கு முன் பிராசசர் கடையில் தேட வேண்டும்.

இன்டெல்லின் ஐ9 14900கே உச்சத்தில் 253 வாட் வரை இழுக்க அனுமதி பெற்றது. அதே இன்டெல்லின் ஐ5 12400 அடிப்படையில் 65 வாட், உச்சத்தில் 117. ஏஎம்டி பக்கம் 2024 ஜனவரியில் வந்த ரைசன் 5 8600ஜி 65 வாட் வகை. பயாஸில் ஈகோ மோடு என்ற ஒன்றைத் தட்டினால் 45க்கு இறங்கிவிடும். எழுதுவது, கணக்குப் பார்ப்பது, நிரல் எழுதுவது, வீடியோ பார்ப்பது, அளவாக எடிட் செய்வது: இதற்கெல்லாம் ஐ5 12400உம் 8600ஜியும் தாராளம்.

பெரிய பிராசசரே வேண்டும் என்பவருக்கும் வழி உண்டு. கம்பெனிகள் ஒன்றையொன்று முந்தும் போட்டியில் கடைசி ஐந்து பத்து சதவீத வேகத்துக்காக மின்னழுத்தத்தை ஏற்றிவைத்திருக்கின்றன. செலவாகும் மின்சக்தி அழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதனால் அந்தக் கடைசித் துளி வேகம் மிகப் பெரிய விலைக்கு வாங்கப்படுகிறது. இன்டெல் பயாஸில் பிஎல்1, பிஎல்2 என்ற இரண்டு மின்சக்தி வரம்புகளைக் குறைத்து வைத்தால், வேகத்தில் இழப்பது கொஞ்சம், வெப்பத்தில் இறங்குவது நிறைய. இது பயாஸிலேயே முடிகிற வேலை. லினக்ஸா விண்டோஸா என்ற கேள்வியே எழாது. இலவசமாகக் கிடைக்கும் இந்த அமைதியை விட்டுவிட்டு விலையுயர்ந்த லிக்விட் கூலர் வாங்குகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. அதில் ஃபேன்களோடு பம்ப் ஒன்றும் கூடச் சேர்ந்து முனகும்.

ஃபேனே இல்லாத கணினி? இந்த ஆசை எல்லோருக்கும் ஒருமுறை வரும். நாக்டுவா 2021இல் என்எச்-பி1 என்று ஃபேன் இல்லாத ஒரு கனமான ஹீட்சிங்கைக் கொண்டுவந்தது. ஸ்ட்ரீகாம், அகாசா போன்றவை கேபினெட்டின் சுவரையே ஹீட்சிங்காக மாற்றி விற்கின்றன. இணையத்தில் வரும் மதிப்புரைகள் பலவற்றைப் படித்தால் ஆகா என்றுதான் இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 20, 22 டிகிரி அறையில் சோதிக்கப்பட்டவை. ஹீட்சிங்க் சொல்லும் கணக்கு அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி என்பதுதான். ஜெர்மனியில் 70 டிகிரியில் நிற்கும் பிராசசர், மே மாத மதியம் மதுரையில் 36 டிகிரி இருக்கும் அறையில் 85ஐத் தாண்டும். அத்தோடு நம் தூசி. ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி படிந்தால், தள்ளிவிடக் காற்றும் இல்லாத இடத்தில், அது கம்பளி போர்த்திய மாதிரி.

ஃபேன் இல்லாமல் வேண்டுமென்றால் வெப்பமே இல்லாத பிராசசரைப் பிடிக்க வேண்டும். 2023 தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 அப்படி ஒன்று: நான்கு கோர், 6 வாட். ஏஎஸ்ராக் விற்கும் என்100டிசி-ஐடிஎக்ஸ் போர்டில் எஸ்எம்பிஎஸ்கூட வேண்டாம், லேப்டாப் அடாப்டர்போல 19 வோல்ட் ஒயரைச் சொருகினால் போதும். எழுத்து வேலைக்கும் வீட்டு சர்வருக்கும் அது போதும். அதற்கு மேல் வேலை இருப்பவர், நிமிடத்துக்கு 500 சுற்று ஓடும் ஒரு 140 மில்லிமீட்டர் ஃபேனை வைத்துக்கொள்வதே நம் வெயிலுக்குப் புத்திசாலித்தனம். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

யாரும் சொல்லாத சிப்

இப்போது விஷயத்துக்கு வருவோம். மதர்போர்டு பெட்டியில் என்னென்னவோ அச்சடித்திருப்பார்கள். எத்தனை யுஎஸ்பி, எத்தனை எம்.2, எந்த ஒலிச் சிப், விளக்கு எத்தனை நிறம். ஃபேன்களை ஓட்டுவதும் வெப்பத்தை அளப்பதும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் சூப்பர் ஐ/ஓ என்ற சின்னச் சிப். அதன் பெயரைப் பெட்டியில் தேடினால் கிடைக்காது. அமைதியான லினக்ஸ் கணினிக்கு அந்தப் பெயர்தான் முக்கியம்.

புது மெஷினில் லினக்ஸ் ஏற்றி, டெர்மினலைத் திறந்து 'சென்சார்ஸ்' என்று தட்டிப் பாருங்கள். பிராசசர் வெப்பம் வரும்: ஏஎம்டி என்றால் கே10டெம்ப் என்ற தலைப்பின் கீழ், இன்டெல் என்றால் கோர்டெம்ப் என்ற தலைப்பின் கீழ். எஸ்எஸ்டியின் வெப்பம் வரும். கிராஃபிக்ஸ் வெப்பம் வரும். ஃபேன்? ஒரு வரிகூட இருக்காது. ஃபேன் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருக்கும். லினக்ஸுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 'சென்சார்ஸ்-டிடெக்ட்' என்பதை ஓட்டி அது கேட்கும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக எண்டர் தட்டினால், கடைசியில் சிப்பின் பெயரைச் சொல்லும். அல்லது தெரியாத சிப் என்று கைவிரிக்கும். தெரிந்த சிப் என்றால், அதற்கான மாட்யூலை ஏற்றிவிட்டு மறுபடி 'சென்சார்ஸ்' தட்டும்போது ஃபேன்1, ஃபேன்2 என்று வரிசையாக வந்து, எதிரே 640, 712 என்று சுற்றுகள் ஓடும். அந்தத் திரையைப் பார்த்த பிறகுதான் மெஷின் நம் கைக்கு வந்ததாக அர்த்தம்.

இந்தச் சிப்களைச் செய்வோர் முக்கியமாக இரண்டே பேர், இருவரும் தைவான்காரர்கள்: நூவோடான், ஐடிஇ. நூவோடான் சிப்களில் பலவற்றுக்கு என்சிடி6775 என்ற டிரைவர் கெர்னலோடு வருகிறது. ஏசுஸ், ஏஎஸ்ராக் போர்டுகளில் இந்த வகை அதிகம் தட்டுப்படும். எம்எஸ்ஐ போர்டுகள் பலவற்றில் என்சிடி6687 என்ற தம்பி இருக்கிறான். கெர்னலோடு வரும் டிரைவரை வைத்து அவனிடம் வேகத்தைக் கேட்கலாம், வேகத்தை மாற்றச் சொல்ல முடியாது. மாற்ற வேண்டுமென்றால் வெளியிலிருந்து தனி டிரைவர். கிகாபைட் பெரும்பாலும் ஐடிஇ பக்கம். ஐடிஇயின் புதிய சிப்கள் சிலவற்றைக் கெர்னலில் இருக்கும் டிரைவர் அடையாளம் காணாது. ஆர்வலர்கள் பராமரிக்கும் தனி மாட்யூலை டிகேஎம்எஸ் மூலம் கம்பைல் செய்து சேர்க்க வேண்டும். செக்யூர் பூட் போட்டிருந்தால் அதற்குக் கையெழுத்தும் போட வேண்டும். ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டிலும் இந்தக் கச்சேரி மறுபடி நடக்கும்.

சில போர்டுகளில் இன்னொரு வினோதம். டிரைவர் இருக்கும், சிப்பும் தெரியும், ஆனால் பயாஸே அந்தச் சிப்பின் முகவரியைத் தனக்கென்று எழுதிவைத்துக்கொண்டு டிரைவரை உள்ளே விடாது. ஏசிபிஐ மோதல் என்று கெர்னல் குறிப்பில் ஒரு வரி வரும். பூட் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்துக் கட்டாயமாக உள்ளே நுழையலாம். இருவர் ஒரே சிப்பைக் கையாளுவது நல்லதல்ல என்பதால் கெர்னல்காரர்கள் அதை விரும்புவதில்லை. ஏசுஸ் போர்டுகள் பலவற்றுக்கு அண்மைக் கெர்னல்கள் முறையான வாசல் ஒன்றைத் திறந்துவிட்டன.

இவ்வளவும் கேட்டுத் தலை சுற்றுகிறதா? வழி எளிது. ஃபேனை லினக்ஸிடம் ஒப்படைக்கவே வேண்டாம். பயாஸிடமே விட்டுவிடுங்கள். பயாஸில் ஃபேன் வளைவு ஒழுங்காக அமைக்கக்கூடிய மதர்போர்டாகப் பார்த்து வாங்குவதுதான் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒரே ஆலோசனை. விண்டோஸ்காரர்களுக்கு அந்தக் கம்பெனியின் மென்பொருள் கிடைக்கும். நமக்கு அது இல்லை. அதனால் எல்லா வேலையும் பயாஸ் திரையிலேயே முடிய வேண்டும். பார்க்க வேண்டியது மூன்று. ஒவ்வொரு ஃபேன் சொருகியையும் தனித்தனியாக, மூன்று பின் என்றால் மின்னழுத்தத்தாலும் நான்கு பின் என்றால் பிடபிள்யூஎம்மாலும் கட்டுப்படுத்த முடிகிறதா? எந்த வெப்பமானியைப் பார்த்து ஓட வேண்டும் என்று தேர்வு செய்ய முடிகிறதா? வெப்பம் ஏறியவுடன் துள்ளாமல் சில நொடி பொறுத்து வேகம் மாறும்படி வைக்க முடிகிறதா? மதர்போர்டின் கையேடு பிடிஎஃப் ஆகக் கம்பெனித் தளத்திலேயே கிடைக்கும். காசு கொடுக்கும் முன் பயாஸ் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிடலாம்.

அந்தப் பொறுக்கும் நொடிகள்தான் 'உய்ங்' எரிச்சலுக்கு மருந்து. ரைசன் பிராசசர்களின் வெப்பம் ஒரு சொடுக்கில் 15 டிகிரி துள்ளி மறு சொடுக்கில் இறங்கும் குணம் கொண்டது. ஹீட்சிங்க் இன்னும் சூடாகவே இல்லை. ஃபேன் ஓடி என்ன பயன்? 60 டிகிரி வரை அசையாத ஒரே வேகம், அதன்பின் மெல்ல ஏறும் சரிவு, 85ஐத் தொட்டால்தான் முழு வேகம். கேபினெட் ஃபேன்களைப் பிராசசர் வெப்பத்தோடு கட்டாமல் மதர்போர்டு வெப்பத்தோடு கட்டிவிடுங்கள். அது மெதுவாகத்தான் மாறும். கோடையில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை இந்த எண்களைத் தொட்டுப் பார்த்தால் போதும்.

லினக்ஸிலிருந்தே கட்டுப்படுத்தியாக வேண்டும் என்பவருக்கு ஃபேன்கன்ட்ரோல் என்ற பழைய கருவியும் கூலர்கன்ட்ரோல் என்ற புதிய வரைகலைக் கருவியும் உண்டு. யுஎஸ்பியில் இணையும் லிக்விட் கூலர்களுக்கு லிக்விட்சிடிஎல். விளக்குகளை அணைக்க ஓபன்ஆர்ஜிபி. விளக்கே இல்லாத ரேம் வாங்கினால் கடைசிக் கருவி தேவைப்படாது.

கிராஃபிக்ஸ் கார்டு: முதலில், வேண்டுமா?

விளையாட்டோ, முப்பரிமாண வேலையோ, வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டும் ஆசையோ இல்லாதவருக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். அதில் இருக்கும் இரண்டு மூன்று ஃபேன் மிச்சம். இன்டெல்லில் எஃப் என்ற எழுத்தில் முடியும் பிராசசர்களில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறைகிறதென்று 12400எஃப் வாங்கினால், திரையில் படம் வர ஒரு கார்டு வாங்க வேண்டும். ஏஎம்டியில் ஜி வரிசை கிராஃபிக்ஸில் வலுவானது.

கார்டு வேண்டும் என்றால் லினக்ஸில் ஏஎம்டி நிம்மதி. டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது; நிறுவ ஒன்றுமில்லை. ஒரு குறை மட்டும்: 4கே திரையை எச்டிஎம்ஐ வழியே 120 ஹெர்ட்ஸில் ஓட்டும் வசதியைத் திறந்த டிரைவரில் சேர்க்க ஏஎம்டி கேட்டபோது, எச்டிஎம்ஐ அமைப்பு 2024இல் மறுத்துவிட்டது. டிஸ்ப்ளேபோர்ட் ஒயரில் இந்தச் சிக்கலே இல்லை. மானிட்டர் வாங்குபவர் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் தீர்ந்தது. டிவியை மானிட்டராக வைக்க நினைப்பவர்தான் மாட்டுவார்.

என்விடியா பழைய பகை. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலை நீட்டியது அந்தக் கம்பெனிக்காகத்தான். அதன்பின் பாலத்தடியில் நிறைய தண்ணீர் ஓடிவிட்டது. 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களின் மூல நிரலைத் திறந்தது. பிளாக்வெல் தலைமுறைக் கார்டுகள் அந்தத் திறந்த மாட்யூலோடு மட்டுமே ஓடும். ஆனாலும் மேலே உட்காரும் பகுதி மூடியதுதான், கெர்னலுக்கு வெளியே தனியாகத்தான் வரும். கூடா (CUDA) மென்பொருள் தேவைப்படும் ஆராய்ச்சி மாணவர் என்விடியாவைத்தான் வாங்க வேண்டும். வேறு யாரும் அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கட்சி.

எந்தக் கார்டானாலும், வேலை இல்லாதபோது ஃபேனை முழுதாக நிறுத்திவிடும் ஜீரோ ஆர்பிஎம் வசதி உண்டா என்று பாருங்கள். சில கார்டுகளிலும் எஸ்எம்பிஎஸ்களிலும் ஃபேன் நின்ற பிறகும் மெல்லிய கீச்சு ஒன்று கேட்கும். அது காயில் வைன். மின்சுருள்கள் அதிர்வதால் வருவது. எந்த டிரைவராலும் தீராது. ஒரே மாடலில் ஒரு கார்டு கத்தும், இன்னொன்று கத்தாது. மாற்றித் தரும் கடையில் வாங்குவதுதான் இதற்கு ஒரே காப்பீடு.

பிறந்த தேதி பார்த்து வாங்குங்கள்

'லினக்ஸில் ஓடுமா?' என்று ஒரு பொருளைப் பற்றிக் கேட்டால் பதில் அநேகமாக 'ஓடும்' என்றுதான் வரும். கேட்க வேண்டியது, 'எந்தக் கெர்னலிலிருந்து ஓடும்?' டெபியன் 12 வந்தபோது கெர்னல் 6.1. உபுண்டு 24.04, அதன்மேல் எழுந்த லினக்ஸ் மின்ட் 22 இரண்டும் 6.8இல் தொடங்கின. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 6.12. இந்த எண்ணுக்குப் பிறகு பிறந்த சாதனம் அந்த வெளியீட்டுக்கு முன்பின் தெரியாத ஆள். 2025 மார்ச்சில் விற்பனைக்கு வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 9070 கார்டைச் சொருகி, 2024 மின்ட் பென்டிரைவில் பூட் செய்தால் கார்டின் வேகம் வெளிவராது. மங்கலான தெளிவில் ஒரு திரை கிடைத்தால் அதிர்ஷ்டம். பழி லினக்ஸ்மேல் விழும். உண்மையில் தேதிகள் பொருந்தவில்லை, அவ்வளவுதான். புதுக் கெர்னல் ஏற்றும் ஃபெடோராவோ ஆர்ச்சோ ஓட்டினால் அதே கார்டு பளிச்சென்று எழும். நீங்கள் ஓட்டப்போகும் வெளியீட்டின் கெர்னலைவிட ஓராண்டு மூத்த பொருளை வாங்கினால் இந்த வம்பே வராது. விலையும் இறங்கியிருக்கும்.

ஒயர் இணைப்பில் பெரிதாகக் கவலை இல்லை. இன்டெல், ரியல்டெக் இரண்டின் 2.5 கிகாபிட் சிப்களையும் கெர்னல் அறியும். வைஃபையில் இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஏஎம்டி போர்டிலும் ஓடும். அதன் உடன்பிறப்பு ஏஎக்ஸ்211 அங்கே ஓடாது. அது இன்டெல் போர்டுகளுக்கு மட்டும். ஏஎம்டி போர்டுகளோடு வரும் மீடியாடெக் எம்டி7922 பரவாயில்லை. மலிவு யுஎஸ்பி வைஃபை குச்சிகளில் பல, கெர்னலுக்கு வெளியே யாரோ ஒருவர் ஓய்வு நேரத்தில் பராமரிக்கும் டிரைவரை நம்பி இருக்கின்றன. வேண்டாம்.

சுழலும் ஹார்டு டிஸ்க்கையும் கேபினெட்டுக்குள் வைக்காதீர்கள். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. அந்த 120 ஹெர்ட்ஸ் முனகல் தகரம் வழியே மேசைக்கே ஏறும். என்விஎம்இ எஸ்எஸ்டி போதும். டெராபைட் கணக்கில் படங்கள் இருந்தால் டிஸ்க்கை வேறு அறையில் ஒரு நாஸ் பெட்டியில் வையுங்கள்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு சங்கதி. தேவைக்கு இரண்டு மடங்கு வாட் கொண்ட, 80 ப்ளஸ் கோல்டு தரமும் ஜீரோ ஆர்பிஎம் வசதியும் உள்ள ஒன்றை வாங்கினால் அதன் ஃபேன் அநேகமாகச் சுற்றவே சுற்றாது. ஆனால் நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று உண்டு. மின்வெட்டுக்காக வைத்திருக்கும் மலிவு யுபிஎஸ் தருவது சைன் அலை அல்ல, படிக்கட்டு அலை. இரண்டும் ஒத்துப்போகாமல், கரன்ட் போன கணத்தில் கணினியும் சேர்ந்து அணைந்துவிடும் வீடுகள் உண்டு. சைன் அலை தரும் யுபிஎஸ், யுஎஸ்பி ஒயரோடு கிடைத்தால், லினக்ஸில் நட் என்ற மென்பொருள் அதைப் படித்து, பேட்டரி தீரும் முன் கணினியை ஒழுங்காக அணைத்துவிடும்.

ரிச்சி தெருவில்

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஒரு கேபினெட் வாங்கப் போனால் உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

"சார், இதை எடுத்துக்கோங்க. முன்னாடி கண்ணாடி, மூணு ஆர்ஜிபி ஃபேன் கூடவே வருது, ஃப்ரீ."

"ஃபேன் ஒயர் மதர்போர்டுல சொருகுறதாண்ணே, இல்ல நேரா எஸ்எம்பிஎஸ்லயா?"

"எதுல சொருகினா என்ன சார், சுத்தும்ல?"

சுற்றும். அதுதான் பிரச்சினை. அந்த இலவச ஃபேன்களின் ஒயரை இழுத்துப் பார்த்தால் முனையில் பெரிய நான்கு ஓட்டை மோலெக்ஸ் சொருகி இருக்கும். நேராக 12 வோல்ட். பயாஸ், லினக்ஸ், யார் சொன்னாலும் கேட்காது. கணினி அணையும்வரை முழு வேகம்தான். முன்பக்கம் கண்ணாடி என்றால் காற்று நுழைய வழியும் இல்லை, உள்ளே வெப்பம் தேங்கி மற்ற ஃபேன்களும் வேகமெடுக்கும். முன்பக்கம் சல்லடைத் தகடும் அதற்குப் பின்னால் தூசி வடிகட்டியும் உள்ள, ஃபேன் இல்லாத வெறும் கேபினெட், தனியாக நான்கு பின் ஃபேன் இரண்டு என்று கேளுங்கள். கடைக்காரருக்கு முகம் வாடும். வாடட்டும்.

அசெம்பிள் செய்து தரும் கடை என்றால் ஒரு பென்டிரைவில் நீங்கள் ஓட்டப்போகும் லினக்ஸை ஏற்றிக்கொண்டு போங்கள். நிறுவ வேண்டாம், லைவாகப் பூட் செய்தால் போதும். வைஃபை பெயர்களைக் காட்டுகிறதா, முன்பக்க மைக் பேசுகிறதா, டிஎம்இஎஸ்ஜி குறிப்பில் ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்ற சிவப்பு வரிகள் உண்டா? பிறகு தூங்கவைத்து எழுப்பிப் பாருங்கள். தூங்கி எழாத மெஷின்தான் லினக்ஸில் மிகப் பழைய தலைவலி. அதைக் கடையிலேயே கண்டுபிடிப்பது நல்லது. சத்தத்தை மட்டும் கடையில் சோதிக்க முடியாது, ரிச்சி தெருவின் இரைச்சலில் ஜெட் விமானமே அமைதியாகத்தான் தெரியும்.

அசெம்பிள் செய்யும் ஆர்வமே இல்லாதவருக்கு என் பரிந்துரை வேறு. ஐடி கம்பெனிகள் குத்தகை முடிந்து கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. நூறு பேர் உட்காரும் அலுவலகத்தில் கத்தாமல் இருக்க வடிவமைக்கப்பட்டவை. உபுண்டு சான்றிதழ் பெற்ற மாடல்கள் அவற்றில் ஏராளம். பயாஸ் அப்டேட்கூட டெல், லெனோவோ பெட்டிகள் பலவற்றில் லினக்ஸிலிருந்தே ஃபப்டி என்ற கருவி மூலம் வந்துவிடும், கடையில் விற்கும் மதர்போர்டுகளில் அந்த வசதி அபூர்வம். மூன்று நான்கு வயதான பெட்டி என்பதால் பிறந்த தேதிப் பிரச்சினையும் இல்லை. கைக்கடக்கமான மினி வகைகளில் ஃபேன் சின்னது, கடும் வேலை கொடுத்தால் கீச்சிடும். ஒரு அளவு பெரிய எஸ்எஃப்எஃப் வகை தேவலை. எஸ்எம்பிஎஸ் பழுதானால் ரிச்சி தெருவின் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது, அதே மாடலுக்குரியதைத் தேட வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். வாங்கும் முன் மூடியைத் திறக்கச் சொல்லி, பிராசசர் ஃபேனை விரலால் மெல்லத் தள்ளிவிட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு நாலைந்து சுற்று வந்தால் பேரிங் நன்றாயிருக்கிறது. உரசி நின்றால் புது ஃபேன் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம்.